நம் கணக்கு நம் பெட்டியில்

(தோட்டக் கமிட்டித் தலைவர்மார், தலைவிமாருக்கான பயிற்சி நாளில் நமது சங்கத்தின் இளைஞர் குழு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஒரு சிறிய சேர்வரை அமைக்கவும், கம்பி இல்லாமல் ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு வலையமைப்பு இழுக்கவும் படித்து வருகிறோம். எங்கள் குழுவில் கொழுந்து எடுக்கும் அக்காமார் இருக்கிறார்கள். பேக்டரியில் இரவு வேலை செய்யும் அண்ணன்மார் இருக்கிறார்கள். கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்களும், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எஞ்சினியர் யாரும் இல்லை. படித்ததை உங்களிடம் ஒப்படைக்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

உங்களில் பலர் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். சம்பளத்துக்கும் வீட்டுக்கும் காணிக்கும் போராடுகிற சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் பெட்டி எதற்கு? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்து காட்டப் போகிறோம்.

காகிதம் யார் கையில்?

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நமது மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாசலைத் திறந்ததாகச் சொன்னார்கள். திருமணமானவர்கள் ஏழு வருடமும் மற்றவர்கள் பத்து வருடமும் இடைவிடாமல் இந்த நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். நம் தாத்தா பாட்டி வாழ்ந்தது பொய்யா? இதே மலையில்தான் வாழ்ந்தார்கள். ஆனால் வாழ்ந்ததற்கான பதிவு அவர்கள் கையில் இல்லை. பேர் போட்ட செக்ரோல் துரையின் ஆபிஸில் இருந்தது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தப் பிரச்சினை முழுமையாகத் தீரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது.

அது பழைய கதை என்று சொல்லாதீர்கள். இன்றைக்கும் லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், கல்யாணப் பதிவு, அடையாள அட்டையின் நகல், சம்பளச் சிட்டைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கூரை ஒழுகினால் பெட்டி நனைகிறது. லயம் தீப்பிடித்தால் பெட்டி எரிகிறது. கறையான் வந்தால் சிட்டை போகிறது.

போனால் என்ன நட்டம்? கணக்குப் பார்ப்போம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். 2024 இல் தீர்மானிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 18,900 ரூபாய். சேவைக் காலத்தில் ஐந்து வருடத்துக்குப் பதிவு இல்லை என்று ஆபிஸில் சொன்னால் 94,500 ரூபாய் போகிறது. முப்பத்தைந்து வருடம் கூடை சுமந்து, முதுகு வளைந்த ஓர் அம்மாவுக்கு அது சின்னப் பணமா? தொழில் திணைக்களத்திலோ தொழில் நியாய சபையிலோ நாம் போய் நின்றால் முதல் கேள்வி, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

மடுவத்துக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்று எடுத்துக்கொள்வோம். சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கழிக்கிறார்கள். கழிக்க வேண்டியதற்கு மேல் ஒவ்வொரு நிறுவையிலும் ஒரே ஒரு கிலோ அதிகமாகக் கழிந்தால் ஒரு நாளைக்கு மூன்று கிலோ. 25 நாளில் 75 கிலோ. மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,750 ரூபாய். அது ஒருத்தருக்கு மட்டும். ஒரு மலையில் நாற்பது பேர் எடுத்தால் பெருக்கிப் பாருங்கள். "நிறை குறைத்துவிட்டார்கள்" என்று வாயால் சொன்னால் சண்டை வரும். மூன்று மாதத்தில் திகதி வாரியாக, மலை வாரியாக எழுதின கணக்கை மேசையில் வைத்தால் பேச்சுவார்த்தை வரும்.

ஆகவே இந்தப் பெட்டி போராட்டத்துக்குப் புறம்பானது அல்ல. நம் கணக்கின் ஒரு பிரதி நம் கையிலும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் படித்தோம்.

சேர்வர் என்றால் என்ன?

சேர்வர் என்றதும் கொழும்பில் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் இரும்பு அலுமாரிகள்தான் நினைவுக்கு வரும். அவ்வளவு தேவையில்லை. கேட்டதை எடுத்துக் கொடுக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் சேர்வர்தான். கூட்டுறவுக் கடையில் நீங்கள் கேட்கிறீர்கள், மனேஜர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அதே வேலைதான். திரை உடைந்துபோன பழைய லெப்டொப் ஒன்று போதும். அல்லது உள்ளங்கை அளவில் ஒரு பலகை வருகிறது, ராஸ்பெரி பை என்று பெயர். அதுவும் போதும். அதில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போடுகிறோம். லைசன்ஸ் பணம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்து ரவுட்டர். இங்கேதான் எல்லோருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. வைபை என்றால் இணையம் என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு வேறு. வைபை என்பது லயத்துக்கும் மடுவத்துக்கும் இடையில் இருக்கிற குறுக்குப் பாதை. இணையம் என்பது ஹட்டனுக்குப் போகிற பெரிய ரோட்டு. பெரிய ரோட்டில் மண் சரிந்து கிடந்தாலும் குறுக்குப் பாதையில் நடக்கலாம் அல்லவா? அதுபோல, இணையம் இல்லாவிட்டாலும், டேட்டா காட் போடாவிட்டாலும், ரவுட்டரின் எல்லைக்குள் இருக்கிற எந்தப் போனும் சேர்வரோடு பேசலாம். ஒரு சதமும் செலவாகாது.

தலைவி தன் போனில் வைபையைப் போட்டு, நாம் கொடுக்கிற முகவரியைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். திகதி, மலை நம்பர், மூன்று நிறுவை, கழித்த கிலோ என்று தமிழில் கட்டங்கள் இருக்கும். அன்றைய கொழுந்துச் சிட்டையைப் பார்த்துப் போட வேண்டியதுதான். மாத முடிவில் சம்பளச் சிட்டையைப் போனில் படம் பிடித்து அதே பெட்டியில் சேர்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஈ.பி.எப். என்று சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கிறார்கள். நிர்வாகம் நூற்றுக்கு 12 சேர்த்துக் கட்ட வேண்டும். ஈ.டி.எப். நூற்றுக்கு 3, அது முழுக்க நிர்வாகத்தின் பங்கு. இந்தக் கணக்கையும் பெட்டியே போட்டுக் காட்டும்.

பிள்ளைகளையும் மறக்கவில்லை. 2020 இலும் 2021 இலும் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் மரத்துக்கும் ஏறினதை நாமே பார்த்தோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்களை ஒரு தடவை இறக்கி இந்தப் பெட்டியில் வைத்துவிட்டால், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தே படிக்கலாம். கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையம் இல்லாமல் வாசிக்கலாம். கொலிப்ரி என்ற மென்பொருளில் பாடங்களையும் பயிற்சிகளையும் போட்டு வைக்கலாம். எல்லாமே இலவசம்.

மலைக்கு மலை இழுப்பது

ஒரு லயத்துக்குள் வைபை கொடுப்பது சுலபம். மேற்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்குக் கொடுப்பதில்தான் படிப்பு இருக்கிறது.

சாதாரண ரவுட்டரின் அலை, உத்தரத்தில் தொங்கும் விளக்கு மாதிரி நாலு பக்கமும் பரவும். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் பலம் காற்பங்காகக் குறையும். ஆகவே தூரத்துக்கு டோர்ச் லைட் மாதிரி ஒரே திசையில் அடிக்கிற அன்டெனா வேண்டும். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, ஒன்றை ஒன்று நேராகப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் சில கிலோமீட்டர் தாண்டுவது பெரிய காரியம் அல்ல.

ஆனால் கண்ணுக்கு மறுமுனை தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு நூல் மாதிரி போவதில்லை. நீளமான பலாக்காய் மாதிரி, இரண்டு முனையில் ஒடுங்கி நடுவில் தடித்துப் போகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அந்தப் பலாக்காயின் ஆரம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அதில் நூற்றுக்கு அறுபதாவது, அதாவது சுமார் மூன்றரை மீட்டராவது நாலு பக்கமும் தடையில்லாமல் இருக்க வேண்டும். தேயிலைச் செடி உயரத்தால் பிரச்சினை இல்லை. நிழல் மரம்தான் பிரச்சினை. அதிலும் மழையில் நனைந்த இலை அலையைக் குடித்துவிடும். வெயில் நாளில் இழுத்துப் பார்த்துவிட்டு, "சரி வந்துவிட்டது" என்று இறங்கி வரக்கூடாது. மழை நாளில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மரம் வளரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் லயங்களில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. கூரைத் தகரம். தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். கூரைக்கு மேல் அன்டெனா எவ்வளவு பலமாக இருந்தாலும் காம்பராவுக்குள் இருக்கிற போனுக்குச் சரியாக எட்டாது. ஆகவே கூரைக்கு மேலே மறு மலையைப் பார்க்க ஒன்று, இஸ்தோப்பில் ஆட்களுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒன்றின் பேச்சை மற்றது குழப்பும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று வரிசைகள்தான் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும். தூரத்துக்கு 5 கிகாஹேர்ட்ஸ், லயத்துக்கு 2.4 என்று வைத்தால் இன்னும் நல்லது.

அன்டெனா உயர்த்துவதற்கு முன்னால் இரண்டு அனுமதி. ஒன்று, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளைச் சங்கச் சட்ட ஆலோசகர் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கீகரிக்கப்பட்ட கருவியை மட்டும் வாங்குவது. இரண்டு, எந்தக் கட்டிடத்தில் வைக்கிறோமோ அந்தக் கட்டிடத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது. சனசமூக நிலையம், கோயில், பள்ளிக்கூடம் என்று பொதுவான, உயரமான இடம் எது என்று பாருங்கள். நாளைக்கு யாரும் வந்து "களவாக வைத்தார்கள்" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டத்தில் காற்றடித்து மரம் விழுந்தாலும் அதே கதிதான். ஆகவே பெட்டிக்குச் சொந்தமாகப் பெட்டரி வேண்டும்.

சின்ன சேர்வரும் ரவுட்டரும் சேர்ந்து 15 வொட் எடுப்பதாக வைப்போம். 12 வோல்ட், 40 அம்பியர் மணித்தியாலப் பெட்டரியில் 480 வொட் மணித்தியாலம் இருக்கிறது. ஈயப் பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 240 என்று எடுத்து 15 ஆல் வகுத்தால் 16 மணித்தியாலம். காலை ஐந்து மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை. 100 வொட் சோலார் தகடு, பனிமூட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியால நல்ல வெயிலுக்குச் சமமாக வாங்கினால் அந்தச் செலவை ஈடுகட்டும். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் நாட்கணக்கில் வெயிலே வராது. ஆகவே சோலாரை மட்டும் நம்பக்கூடாது. கரண்ட் இருக்கிற நேரத்தில் ஏற்றுகிற சார்ஜரும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பெட்டியைத் திடீரென்று பிடுங்கி நிறுத்தக்கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி காட் பழுதாகும். பெட்டரி இறங்குகிறது என்று தெரிந்ததும் தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி அமைக்க வேண்டும்.

சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் அதிகம். உயரத்தில் இரும்பு வைத்தால் மண்ணுக்குள் செப்புக் கம்பி இறக்க வேண்டும். அந்த வேலையைத் தெரிந்த எலெக்ட்ரீசியனைக் கொண்டு மட்டும் செய்ய வேண்டும். வானம் கறுத்தால் கம்பியைக் கழற்ற வேண்டும். இடி கேட்ட பிறகு கூரைப் பக்கம் யாரும் போகவே கூடாது. பெட்டி போனால் வேறு வாங்கலாம்.

மழைமானியும் மணியும்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லய வரிசைகளை மூடியதை இங்கே யாருக்கும் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னதாகவே எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் உயிர்களைக் கொண்டு போனது.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஆனால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 ஆனால் வெளியேறிவிட வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் பயன்படுத்துகிற அளவு. மழையை அளப்பதற்குப் படிப்பு தேவையில்லை. தலைவி காலையிலும் மாலையிலும் மழைமானியைப் பார்த்து எண்ணைப் பெட்டியில் போட்டால், அளவு தாண்டியதும் மூன்று லயத்திலும் ஒரே நேரத்தில் சைரன் ஊதும்படி அமைக்கலாம். கம்பனியின் கோபுரத்துக்குக் கரண்ட் போய் போன் செத்தாலும் நம் குறுக்குப் பாதை வேலை செய்யும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சைரன் ஊதவில்லை என்பதற்காக யாரும் காத்திருக்கக் கூடாது. சுவரில் புது வெடிப்பு, கதவு இறுகுதல், ஊற்று நீர் திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல், மரம் சாய்தல் கண்டால் அப்போதே இறங்க வேண்டும். பெட்டி மனிதக் கண்ணுக்கு உதவி. அதற்குப் பதில் அல்ல.

நம்மைப் போன்ற மலைக்காரர்கள்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மூன்று உதாரணம் சொல்கிறோம்.

நேபாளத்தில் மியாக்தி மாவட்டத்தில் நாங்கி என்ற கிராமம். ரோட்டு இல்லாத மலை. அந்த ஊர் ஆசிரியர் மகாபிர் புன், 2002 வாக்கில் மரங்களிலேயே அன்டெனாக்களைக் கட்டி, மலைமுகட்டில் இடைநிலையம் வைத்து, தூரத்துப் பொக்காராவோடு கிராமங்களை இணைத்தார். ஊர் மக்களே கருவிகளைச் சுமந்து ஏற்றினார்கள். 2007 இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து தூர வைபையால் கிராமத்துக் கண் நிலையங்களை இணைத்தது. கிராமத்தில் இருக்கிற நோயாளியை டவுனில் இருக்கிற டொக்டர் திரையில் பார்த்துப் பேசினார். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

நம் பக்கத்திலேயே கொத்மலை இருக்கிறது. அங்கே 1989 இல் தொடங்கிய சமூக வானொலி, 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு இணையத்தையும் சேர்த்துக்கொண்டது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. மலைநாட்டில் இது புதுமை அல்ல.

மூன்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. கருவியை வெளியிலிருந்து கொண்டுவரலாம். ஆனால் அதைப் பராமரிக்கிற ஆள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். ஊரில் ஆள் இல்லாவிட்டால் முதல் மழையோடு எல்லாம் நின்றுவிடும்.

சாவி யாரிடம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். உறுப்பினரின் சம்பளம், கடன், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் அது பலம். அதே அளவுக்கு ஆபத்து. யாருக்கு எவ்வளவு கடன் என்பது வட்டிக்காரனுக்குத் தெரியக்கூடாது. யார் முறைப்பாடு எழுதினார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியக்கூடாது. வீட்டுப் பிரச்சினையைச் சொல்லும் பெண்ணின் பெயர் லயத்துக்கே தெரியக்கூடாது.

ஆகவே குழு சில விதிகளை முன்வைக்கிறது. தேவையானதை மட்டும் சேர்க்க வேண்டும். சாதி, சமயம், அரசியல் எதுவும் வேண்டாம். உறுப்பினரிடம் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கித்தான் போட வேண்டும். அவர் கேட்டால் தன் பதிவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் முடிய வேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் இது நம் மரியாதை.

பெட்டிக்குள் இருப்பது பூட்டெழுத்தில் இருக்க வேண்டும். யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் வாசிக்க முடியாது. கடவுச்சொல் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். கொழுந்து எடுப்பது யார்? நிறை போடும்போது தராசுக்கு முன்னால் நிற்பது யார்? கணக்கின் சாவியும் அவர்களிடம்தான் இருக்க வேண்டும். கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைக்கக்கூடாது. பொறுப்பில் இருப்பவர் மாறினால் அன்றைக்கே அதை மாற்ற வேண்டும்.

பிரதி எடுப்பதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில். பெட்டியில் ஒன்று, தலைவியிடம் பூட்டெழுத்தில் ஒரு பென் டிரைவ், சங்கக் காரியாலயத்தில் ஒன்று. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு பிரதி எடுக்கும் நாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரதியைத் திறந்து சரியாக வாசிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி பிரதி அல்ல.

பெட்டியால் முடியாதது

பெட்டி வேலைநிறுத்தம் செய்யாது. பெட்டி துரையின் முன்னால் நின்று பேசாது. பொய்க் கணக்குப் போட்டால் பொய்யையே திருப்பிக் கொடுக்கும். ஆகவே நமக்குச் சாதகமாக அரைக் கிலோகூட ஏற்றிப் போடக்கூடாது. ஒரு எண் பொய் என்று மறுபக்கம் காட்டிவிட்டால் மற்ற ஆயிரம் எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம் கணக்கின் பலம் அதன் நேர்மைதான்.

மூலச் சிட்டையையும் எறியக்கூடாது. படம் இருக்கிறது என்று காகிதத்தைக் கைவிட வேண்டாம். நியாய சபையில் மூலப் பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள். தகரப் பெட்டியும் இருக்கட்டும், இந்தப் பெட்டியும் இருக்கட்டும்.

சந்தாப் பணத்தில் இவ்வளவு செலவு செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் வேண்டாம். ஆள் தயாராக இருக்கிற ஒரு தோட்டத்தில், பழைய லெப்டொப்பில், ஒரே லயத்தில் தொடங்குவோம். ஒரு தென்மேல் பருவமழையைத் தாண்டட்டும். கணக்கை மாநாட்டில் வைப்போம். பிறகு நீங்கள் தீர்மானியுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, தோட்டக் கமிட்டியைக் கூட்டி, படிக்க ஆசைப்படுகிற இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். ஒருவர் பெண். இங்கிலீஷ் தெரியவில்லை என்று யாரையும் ஒதுக்காதீர்கள், நாங்கள் தமிழில்தான் படித்தோம், தமிழில்தான் படிப்பிக்கப் போகிறோம். இரண்டு, உங்கள் டிவிஷன்களின் படத்தைக் கையால் வரைந்து அனுப்புங்கள். எந்த லயத்திலிருந்து எந்த லயம் தெரிகிறது, நடுவில் என்ன மரம், எங்கே கரண்ட், எங்கே முன்பு மண் சரிந்தது என்று குறித்தால் போதும். மூன்று, இந்த மாதமே ஒரு கொப்பியை எடுத்து மூன்று நிறுவையையும் கழித்த கிலோவையும் எழுதத் தொடங்குங்கள். பெட்டி வர நாளாகலாம். கொப்பிக்கும் பேனைக்கும் யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கொப்பிதான் நம் சேர்வரில் ஏறப் போகிற முதல் பக்கம்.

கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம். கழற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.